சிம்ஸ் உடைக்கு நிறம் மாற்றுவது: பெயின்ட் வாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

சிம்ஸ் என்ற கணினி விளையாட்டை (அதில் வரும் மனிதர்களுக்குச் சிம் என்று பெயர்) விளையாடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் "இந்த டிரஸ்ஸை ரீகலர் பண்ணித் தர முடியுமா" என்ற கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்பார், செய்து தருபவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். ஒருவருக்கு ரீகலர் என்றால் சிவப்பைப் பச்சையாக்குவது. இன்னொருவருக்கு முழுக்கைச் சட்டையை அரைக்கை ஆக்குவது. மூன்றாமவருக்கு, டவுன்லோட் செய்து போடுகிற எல்லாமே ரீகலர்தான்.

நானும் அரைகுறையாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைச் சட்டையின் படத்தைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, நிறத்தை மொத்தமாக நிரப்பும் வாளிக் கருவியை எடுத்து நீலத்தைக் கொட்டி, சேமித்து, கேமுக்குள் போய்ப் பார்த்தால் என் சிம் நீலப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நின்றது. மடிப்பு இல்லை, தையல் கோடு இல்லை, பொத்தான்களைக் காணோம். கேமில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டை ஏன் பிளாஸ்டிக் பை ஆனது என்று புரிந்துவிட்டால் ரீகலரில் முக்கால்வாசி புரிந்த மாதிரி, அதனால் அந்தப் பையை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

## பெட்டியும் அதன் மேல் ஒட்டிய தாளும்

ஒரு அட்டைப் பெட்டியைப் பரிசுத் தாளில் சுற்றுகிறீர்கள். பெட்டியின் வடிவம் ஒன்று, மேலே ஒட்டிய தாள் இன்னொன்று. தாளை மாற்றினால் பெட்டி பார்க்க வேறு மாதிரி ஆகிவிடும், ஆனால் சதுரப் பெட்டி உருண்டை ஆகாது. கேமில் இருக்கும் உடையும் இதேதான். வடிவத்தை மெஷ் என்பார்கள்: நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களால் பின்னிய ஒரு கூடு. அதன் மேல் ஒட்டும் படம்தான் டெக்ஸ்சர். வெறும் படம், நீங்கள் போனில் எடுக்கும் புகைப்படம் மாதிரிப் புள்ளிகளால் ஆன படம்.

ரீகலர் என்பது இந்தப் படத்தை மட்டும் மாற்றுவது. மெஷ்ஷைத் தொடுவதே இல்லை. அதனால்தான் "காலரை எடுத்துவிடுங்கள்", "ஸ்கர்ட்டை இன்னும் அகலமாக்குங்கள்" என்று ரீகலர் செய்பவரிடம் கேட்டால் அவர் விழிப்பார். அது வேறு வேலை, வேறு மென்பொருள், வேறு பொறுமை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உடலோடு ஒட்டிய டிஷர்ட், லெகிங்ஸ் போன்றவற்றின் மெஷ் கிட்டத்தட்ட உடலின் வடிவம்தான், துணி என்பது தோல் மேல் பூசிய படம் மட்டும். அந்த மாதிரி உடையில் படத்தின் கைப்பகுதியை அழித்தால் முழுக்கை அரைக்கை ஆகிவிடும். இதை ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் எல்லா உடைக்கும் இப்படிச் செய்யலாம் என்று நம்பிவிடுகிறார்கள், பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பழைய துணியின் மடிப்பு, நிழல், தையல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால் ரீகலர். துணியையே மாற்றி, அதாவது பருத்திச் சட்டையின் படத்தை எடுத்துவிட்டு ஜீன்ஸ் துணியின் படத்தை வைத்தால், அதை ரீடெக்ஸ்சர் என்பது வழக்கம். பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்வார்கள், ஆனால் வேலையின் அளவு ரொம்பவே வேறு.

## ஒவ்வொரு சிம்ஸிலும் ஒவ்வொரு கதை

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், இந்த விளையாட்டே ஒவ்வொரு பதிப்பிலும் உடையை வேறு மாதிரி கையாண்டது.

2000-ல் வந்த முதல் சிம்ஸில் உடை என்பது 256 நிறங்களுக்குள் அடங்கிய, பிஎம்பி என்ற கோப்பு வகையில் உள்ள ஒரு படம், அதை ஸ்கின் என்று சொன்னார்கள். துணியும் தோலும் ஒரே படத்தில் இருந்தன. அதனால் ஒரு சட்டை செய்தால் வெளிர் தோல், மாநிறம், கருந்தோல் என்று 3 படம் செய்ய வேண்டும். 2004-ல் சிம்ஸ் 2 வந்தபோது, கேம் கடைக்கு வருவதற்கு முன்பே பாடி ஷாப் என்ற கருவியை வெளியிட்டார்கள். உடையின் படத்தை வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப உள்ளே போடலாம். 2009-ன் சிம்ஸ் 3 ஒரு படி மேலே போய், விளையாட்டுக்குள்ளேயே நிற வட்டத்தைக் கொடுத்துவிட்டது. உடையின் எந்தப் பகுதி எந்த நிறத்தை வாங்க வேண்டும் என்று சிவப்பு, பச்சை, நீலத்தில் குறித்த ஒரு வழிகாட்டிப் படம் உள்ளே இருக்கும், நீங்கள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் கேமே பூசிக்கொள்ளும். எவ்வளவு சுகம்! 2014-ல் சிம்ஸ் 4 அந்தச் சுகத்தைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு உடைக்கும் தயாராகச் செய்த சில நிறங்களை மட்டும் தந்தது. அந்த ஒவ்வொரு நிறத் தேர்வுக்கும் பெயர் ஸ்வாட்ச்.

ஆக, சிம்ஸ் 3-ல் பழகியவர் "நிறம் மாற்றுவது ஒரு கிளிக் வேலைதானே" என்பார். சிம்ஸ் 4-ல் செய்பவருக்கு அது ஒரு மாலைப் பொழுது. இருவர் சொல்வதும் சரிதான். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் சிம்ஸ் 4-ஐ வைத்து, ஆனால் அடிப்படை எல்லாப் பதிப்புக்கும் ஒன்றே.

## கழற்றி விரித்த சட்டை

டெக்ஸ்சர் படத்தை முதன்முதலில் திறந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். சட்டை சட்டை மாதிரியே இருக்காது. முன்பக்கம் ஓரிடத்தில், முதுகு ஓரிடத்தில், கை தனியாக என்று தையலைப் பிரித்துத் தரையில் விரித்த துணித் துண்டுகள் போலக் கிடக்கும். முப்பரிமாணக் கூட்டின் எந்த முக்கோணம் தட்டையான படத்தின் எந்த இடத்திலிருந்து நிறத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் இந்த வரைபடத்துக்கு யூவி மேப் என்று பெயர். தையற்காரர் துணியில் சாக்பீஸால் போட்டுக்கொள்ளும் வெட்டுக் கோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிம்ஸ் 4-ல் இந்தத் தாளின் அளவு 1024 க்கு 2048 புள்ளிகள். முக்கியமான விஷயம், ஒரு சிம்மின் முடி, மேலாடை, கீழாடை, காலணி எல்லாவற்றுக்கும் இதே ஒரு தாளில்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேம் இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக்கொள்ளும். அதனால் சட்டைப் படத்தின் "காலியான" மூலையில் தூரிகை தெரியாமல் பட்டு ஒரு புள்ளி விழுந்தால், அந்த இடம் காலுக்கு உரியதாக இருந்தால், உங்கள் சிம்மின் முழங்காலில் ஒரு மச்சம் முளைக்கும். என் சிம் ஒன்று ரொம்ப நாள் பச்சை மச்சத்தோடு சுற்றியது.

விரித்த துண்டுகளின் ஓரங்கள் உடலில் போய்ச் சேரும் இடம்தான் தையல் ஓரம். ஒற்றை நிறம் என்றால் பிரச்சினையே இல்லை. கோடு, கட்டம் என்று போனால் முன்பக்கத்துக் கோடும் முதுகுக் கோடும் விலாவில் சந்திக்காமல் அசடு வழியும். முதல் முயற்சிக்குக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம், தயவுசெய்து.

## மடிப்பு எங்கே இருக்கிறது?

இப்போது அந்தப் பிளாஸ்டிக் பைக்கு வருவோம். முழங்கை மடியும் இடத்தில் தெரிகிற சுருக்கம், கக்கத்தின் நிழல், பொத்தானுக்குக் கீழே விழும் மெல்லிய கருமை, இதெல்லாம் கேமின் வெளிச்சத்தால் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேமின் விளக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனால் நாம் துணி என்று உணரும் விவரத்தில் பெரும்பகுதி அந்தப் படத்திலேயே வரைந்து வைத்தது. மெஷ்ஷில் சுருக்கம் கிடையாது, அங்கே இருப்பது வழவழப்பான ஒரு குழாய். அந்தக் குழாயைச் சட்டைக் கை என்று நம்ப வைப்பது படத்தில் இருக்கும் இருட்டும் வெளிச்சமும்தான். மேடை நாடகத்தில் பின்னால் தொங்கும் திரையில் தூணையும் தூணின் நிழலையும் வரைந்து வைப்பார்களே, அதே தந்திரம்.

நான் வாளியால் நீலம் கொட்டியபோது துணியின் நிறத்தோடு இந்த இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டேன். மிஞ்சியது நீல நிறக் குழாய்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: உடை என்பது ஒரு கூடும் அதன் மேல் ஒட்டிய விரித்த படமும். ரீகலர் படத்தை மட்டும் தொடுகிறது. அந்தப் படத்துக்குள் நிறம் ஒன்றும் வெளிச்சம் ஒன்றுமாக இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, ரீகலர் செய்பவரின் வேலை இரண்டையும் பிரித்து நிறத்தை மட்டும் மாற்றுவது. இனி வருவதெல்லாம் எப்படிப் பிரிப்பது என்பதுதான்.

## ஸ்லைடர் ஏன் பாதியில் கைவிடுகிறது

வாளியை விட்டவர்கள் அடுத்துப் போய்ச் சேரும் இடம் ஹியூ சாச்சுரேஷன் ஸ்லைடர். அதைப் புரிந்துகொள்ள நிறத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஹியூ என்பது எந்த நிறம் என்பது: சிவப்பா, மஞ்சளா, நீலமா என்று 360 பாகை வட்டத்தில் ஓரிடம். சாச்சுரேஷன் என்பது அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி: பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து வெளுத்துக் கிடக்கிறதா. மூன்றாவது லைட்னஸ், எவ்வளவு வெளிச்சம்.

ஹியூவை மட்டும் நகர்த்தினால் நிழல் நிழலாகவே இருக்கும், நிறம் மாறிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, சிவப்புச் சட்டையை ஆரஞ்சு ஆக்க இதுவே போதும்கூட. ஆனால் வெள்ளை, கறுப்பு, சாம்பல் உடைகளில் ஸ்லைடரை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. சாம்பலுக்குச் சாச்சுரேஷன் பூஜ்யம், அதாவது திருப்புவதற்கு அங்கே நிறமே இல்லை. "என் கிம்ப் வேலை செய்யவில்லை" என்று வரும் புலம்பல்களில் ஒரு நல்ல பங்கு இதுதான்.

இன்னொரு சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. மஞ்சள் உடையை ஸ்லைடரால் நீலமாக்குங்கள். லைட்னஸ் எண் அப்படியே இருக்கும், ஆனால் உடை இருண்டு போயிருக்கும். நம் கண் பச்சை ஒளியைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது. திரைகளுக்கான கணக்கில் வெளிச்ச உணர்வில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, 93-ஐத் தொடுகிறது. சுத்த நீலம் 7-லேயே நிற்கிறது. எண் ஒன்று சொல்லும், கண் வேறு சொல்லும், இந்த வேலையில் கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

## சாம்பல் படமும் வண்ணக் கண்ணாடித்தாளும்

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முகம் சிவப்பாகும், ஆனால் மூக்கின் நிழலும் கண்ணின் கருமையும் அப்படியே தெரியும். ரீகலரின் உண்மையான வேலை முறை இதுதான், இரண்டே படி.

முதல் படி, உடையின் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சாம்பல் ஆக்குவது. இப்போது படத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். இரண்டாவது படி, அதற்கு மேலே ஒரு லேயர் போட்டு அதில் வேண்டிய நிறத்தை நிரப்பி, அந்த லேயரின் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றுவது. லேயர் என்றால் அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாள்கள். மல்டிப்ளை என்றால் பெயரே சொல்கிற மாதிரி பெருக்கல். இதே வாளியை இப்போது தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏனென்றால் கொட்டுவது தனித் தாளில், கீழே இருக்கும் மடிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

பெருக்கல் எப்படி என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண், ஒவ்வொன்றும் 0-லிருந்து 255 வரை. நீங்கள் தேர்ந்தெடுத்த சிவப்பு 180, 40, 50 என்று வைப்போம். கீழே துணியின் வெளிச்சமான இடம் 200 அளவுச் சாம்பல். 200-ஐ 180-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 141. மற்ற இரண்டும் 31, 39. நிழலான இடம் 100 சாம்பல் என்றால் 71, 16, 20. இரண்டும் சிவப்புதான், ஒன்று மற்றதில் பாதி வெளிச்சம். மடிப்பு பிழைத்துவிட்டது.

இந்தக் கணக்கிலேயே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. நீங்கள் கேட்டது 180, கிடைத்தது 141. பெருக்கல் எப்போதும் இருட்டாக்கும், ஒருபோதும் வெளிச்சமாக்காது. அதனால் நிறம் போடுவதற்கு முன்பே சாம்பல் படத்தின் வெளிச்சமான இடங்களை, இருட்டு வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியில் 255-க்குப் பக்கத்தில் தூக்கி வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களின் ரீகலர்கள் எல்லாமே கொஞ்சம் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும்.

## கறுப்பு உடையை வெள்ளையாக்கச் சொல்பவர்கள்

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவர்களுக்கு இது தெரிய வேண்டும். கறுப்பு உடையின் படத்தில் எல்லாப் புள்ளிகளும், சும்மா ஒரு கணக்குக்கு, 10-க்கும் 50-க்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கின்றன என்று வைப்போம். அதாவது மொத்த மடிப்பு விவரமும் சுமார் 40 படிகளில். அதை வெள்ளையாக்க 255 வரை இழுத்தால் புதிய படிகள் ஒன்றும் முளைக்காது, இருக்கும் 40 படிகளுக்கு நடுவே இடைவெளிதான் விழும். வழுவழுப்பான நிழல் இருந்த இடத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும், மணல் தூவியது போலப் புள்ளிகளும் வரும்.

அந்த உடைக்கு ஏற்கனவே வெள்ளை ஸ்வாட்ச் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இருந்தால் அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சின்ன வேலைப்பாடு எதுவும் இல்லாத வெளிர் ஸ்வாட்ச்சாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளையிலிருந்து எங்கும் போகலாம், கறுப்பிலிருந்து எங்கும் போக முடியாது.

வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போவதிலும் ஒரு கவனம் வேண்டும். சுத்தக் கறுப்பால், அதாவது 0-ஆல் பெருக்கினால் எல்லாம் 0, திரும்பவும் குழாய், இந்த முறை கறுப்புக் குழாய். உண்மையான கறுப்புத் துணியை உற்றுப் பாருங்கள், அது அடர் சாம்பல்தான். நான் 30-க்குக் கீழே போவதில்லை, மடிப்பின் முகடுகளில் கொஞ்சம் வெளிச்சத்தை ஸ்கிரீன் என்ற கலப்பு முறையில் சேர்ப்பேன். ஸ்கிரீன் என்பது மல்டிப்ளையின் நேர் எதிர், எப்போதும் வெளிச்சமாக்கும்.

## நிழலுக்கும் நிறம் உண்டு

மல்டிப்ளை தெரிந்துவிட்டால் எண்பது சதவீத உடைகளை ஒப்பேற்றிவிடலாம், ஆனால் மஞ்சளில் மாட்டிக்கொள்வீர்கள். மஞ்சளை இருட்டாக்கினால் நமக்கு அது பாசி பிடித்த பச்சையாகத் தெரியும். நிஜ மஞ்சள் துணியின் மடிப்பிலோ ஆரஞ்சும் பழுப்பும் கலந்திருக்கும், ஏனென்றால் மடிப்புக்குள் போன ஒளி அதே துணியில் பட்டுப் பட்டுத் திரும்பி இன்னும் சூடான நிறமாகிறது. ஒரே நிறத்தைப் பெருக்கும்போது இந்த நுணுக்கம் கிடைக்காது.

இதற்கு உள்ள வழி கிரேடியன்ட் மேப். சாம்பல் படத்தின் இருட்டுக்கு ஒரு நிறம், நடுத்தரத்துக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம் என்று நீங்களே சொல்லிவிடுவது: நிழலில் அடர் பழுப்பு, நடுவில் கடுகு மஞ்சள், முகட்டில் வெண்மை கலந்த மஞ்சள். மென்பொருள் இடையில் உள்ளதை நிரப்பிக்கொள்ளும். கிம்ப், ஃபோட்டோஷாப் இரண்டிலும் உண்டு. ஒரு முறை இதைப் பழகிவிட்டால் மல்டிப்ளை பக்கம் திரும்பவே மனம் வராது, எனக்கு வருவதில்லை.

பொத்தான், பெல்ட், ஜிப் போன்றவற்றை நிறம் வாங்காமல் காப்பாற்ற நிற லேயருக்கு ஒரு மாஸ்க் போட வேண்டும். மாஸ்க் என்றால் எங்கே நிறம் தெரியலாம், எங்கே கூடாது என்று வெள்ளை கறுப்பில் சொல்லும் முகமூடி. ஒரு முறை பொறுமையாக வரைந்துவிட்டால் இருபது ஸ்வாட்ச்சுக்கும் அதே மாஸ்க்தான்.

சரி, இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். சாம்பலாக்கு, வெளிச்சத்தை மேலே தூக்கு, தனி லேயரில் நிறம் போடு, பொத்தானை மாஸ்க்கால் மறை. ரீகலரின் ஓவிய வேலை இவ்வளவுதான். மீதி இருப்பது கோப்புகளோடு போடும் மல்லுக்கட்டு.

## தெரிவதும் மறைவதும்

படத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நாலாவதாக இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஆல்ஃபா. அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சொல்வது. சிம்ஸ் 2 பாடி ஷாப்பில் உடைகளுக்கு இது தனிப் படமாகவே வெளியே வரும், வெள்ளை இருக்கும் இடத்தில் துணி தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது. பார்த்தவுடன் புரிந்துவிடும். சிம்ஸ் 4-ல் இது படத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

தெரியாமல் ஜேபெக் கோப்பாகச் சேமித்துவிடுவார்கள். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது, வெறுமையாக இருந்த பகுதியெல்லாம் வெள்ளையோ கறுப்போ ஆகிவிடும், கேமில் சிம்மின் உடம்பு முழுக்க யாரோ சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். பிஎன்ஜி அல்லது டிடிஎஸ் என்ற கோப்பு வகை, இரண்டில் ஒன்றில் மட்டும் சேமியுங்கள்.

சிம்ஸ் 4-ன் உடைகளில் ஆல்ஃபாவால் ஓட்டை போட்டால் அந்த இடத்தில் பெரும்பாலும் அடியில் அடுக்கிய தோல்தான் தெரியும், பின்னால் இருக்கும் சுவர் தெரியாது. ஒட்டிய டிஷர்ட்டில் இது நமக்குச் சாதகம். உடலை விட்டு விலகி நிற்கும் ஸ்கர்ட்டில் ஓட்டை போட்டால் காற்றில் தோல் மிதக்கும். பார்த்தால் அன்று தூக்கம் வராது.

ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். கேமரா தள்ளிப் போகும்போது கேம் பெரிய படத்தைப் பயன்படுத்தாமல் அதே படத்தின் சுருக்கிய பிரதிகளை எடுத்துக்கொள்ளும், ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி நீளம் பாதி அகலம். இவற்றுக்கு மிப்மேப் என்று பெயர். சுருக்கும்போது பக்கத்துப் புள்ளிகள் கலக்கும், துணிக்கு அடுத்து வெள்ளை இருந்தால் அது உள்ளே கசியும். துணியின் நிறத்தை அதன் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வரை இழுத்து விட்டால், ஆல்ஃபாவை மட்டும் தொடாமல் விட்டால், கோடு போய்விடும்.

## கூடவே ஒட்டிக்கொண்டு வரும் மற்ற படங்கள்

நாம் நிறம் மாற்றுகிற படத்துக்கு டிஃப்யூஸ் என்று பெயர். அது தனியாக வருவதில்லை. நார்மல் மேப் என்று ஒன்று, மேடு பள்ளம் இருப்பது போல வெளிச்சத்தை ஏமாற்றுவது. ஸ்பெக்யுலர் என்று ஒன்று, எங்கே பளபளக்க வேண்டும் என்பதைச் சொல்வது. உடை தோல் மேல் போடும் நிழலுக்கு இன்னொன்று. வெறும் ரீகலருக்கு இவற்றைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பொத்தானை டிஃப்யூஸில் அழித்துவிட்டு நார்மல் மேப்பை அப்படியே விட்டால், விளக்குக்குப் பக்கத்தில் சிம் போகும்போது பொத்தானின் ஆவி மெல்ல எழுந்து வரும். பட்டுத் துணியைப் பருத்தியாக்க நினைத்து, மினுமினுப்பு போகவில்லையே என்று நிறத்தோடு சண்டை போடுபவர்கள் பார்க்க வேண்டியது ஸ்பெக்யுலரை.

## கேமுக்குள் போகும் வழி

படம் தயார். அதை உள்ளே கொண்டுபோக ஒரு பொட்டலம் வேண்டும், அதற்குப் பேக்கேஜ் ஃபைல் என்று பெயர். சிம்ஸ் 4-க்கு இந்தப் பொட்டலம் கட்டும் வேலையைப் பெரும்பாலோர் சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் செய்கிறார்கள், ரசிகர்கள் உருவாக்கியது. உடையைத் தேர்ந்தெடுத்து, படத்தை வெளியே எடுத்து, மாற்றி, அதே இடத்தில் திரும்பப் போட்டு, ஸ்வாட்ச்சுக்கு ஒரு சின்ன நிறச் சதுரமும் கொடுத்துச் சேமித்தால் முடிந்தது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். தனி உடையாகச் சேர்த்தால் பழையதும் இருக்கும், உங்களுடையதும் பக்கத்தில் வரும். ஓவர்ரைடு என்றால் கேமின் பழைய படத்துக்குப் பதிலாக உங்களுடையது உட்கார்ந்துகொள்ளும், அந்த உடையைப் போட்ட பக்கத்து வீட்டுச் சிம்மும் உங்கள் நிறத்தில்தான் வருவார். புதியவர்களுக்குத் தனி உடையே நல்லது. பேக்கேஜை நீக்கினால் ஓவர்ரைடும் போய்விடும், கேமின் மூலக் கோப்பு எதுவும் அழிவதில்லை, அதனால் பயம் தேவையில்லை.

கேமோடு வராமல் இன்னொரு ரசிகர் செய்த மெஷ்ஷுக்கு நீங்கள் நிறம் போட்டால், உங்கள் பொட்டலத்தில் பெரும்பாலும் படம் மட்டும்தான் இருக்கும், கூடு அவருடைய கோப்பில் இருக்கும். அதனால்தான் "மெஷ் தனியாக எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதி வைக்கிறார்கள். அதைப் படிக்காமல் ரீகலரை மட்டும் போட்டவர்களுக்கு உடை சரியாக வராது. தாள் இருக்கிறது, பெட்டி இல்லை. மெஷ்ஷைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது அதைச் செய்தவர் எழுதியிருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது, கேட்காமல் சேர்த்துவிட்டு அப்புறம் சண்டை போட வேண்டாம்.

கோப்பின் அளவும் ஒரு விஷயம்தான். 1024 க்கு 2048 என்றால் இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் வீதம் 8 எம்பி. ஒவ்வொரு ஸ்வாட்ச்சும் தனிப் படம் என்பதால் இருபது நிறம் என்றால் இருபது படம். டிடிஎஸ் கோப்பில் டிஎக்ஸ்டி5 என்ற சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் 8 எம்பி 2 எம்பி ஆகும். எப்படி என்றால் படத்தை நாலுக்கு நாலு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் 16 புள்ளிகளுக்கும் இரண்டே நிறங்களைக் குறித்துக்கொண்டு, நடுவே இரண்டை ஊகித்துக்கொள்ளும். ஒற்றை நிறத் துணியில் யாருக்கும் தெரியாது. நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ என்றால் பூ கட்டம் கட்டமாகச் சிதையும். சிதைந்ததைத் திறந்து மாற்றி மறுபடி சுருக்கினால் மேலும் சிதையும், அதனால் லேயர்கள் உள்ள மூலக் கோப்பை எப்போதும் தனியாக வைத்துக்கொண்டு, நிறம் மாற்றும்போதெல்லாம் அதிலிருந்தே புதிதாக எடுங்கள்.

## "போட்டுவிட்டேன், வரவில்லையே"

முதலில் பேக்கேஜ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் மாட்ஸ். ஜிப் கோப்பாக அப்படியே போட்டால் கேம் திரும்பிக்கூடப் பார்க்காது, பிரித்துத்தான் போட வேண்டும். அடுத்து கேமின் செட்டிங்ஸில் கஸ்டம் கன்டென்ட், அதாவது ரசிகர்கள் செய்த பொருட்களுக்கான அனுமதி இயங்குகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு கேம் அதைத் தானாக அணைத்துவிடும், நாம்தான் போய்த் திரும்ப இயக்கிவிட்டுக் கேமை மறுபடி தொடங்க வேண்டும். உடை வருகிறது, ஆனால் பட்டியலில் சின்னப் படம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறது என்றால், கேமை மூடிவிட்டு மாட்ஸுக்கு வெளியே, தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் இருக்கும் லோக்கல்தம்ப்கேஷ் கோப்பை அழித்துவிடுங்கள், அடுத்த முறை கேமே புதிதாக எழுதிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால், உடை மாற்றும் அறையின் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கே எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும். சிம்மை வெளியே கூட்டிப் போய் நண்பகல் வெயிலில் ஒரு முறை, இரவில் மஞ்சள் விளக்குக்குக் கீழே ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். நான் ஆசை ஆசையாகச் செய்த ஒரு இளநீலச் சட்டை இரவு விளக்கில் பழைய துணியின் சாம்பலாகவே தெரிந்தது. திரும்பப் போய்ச் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு வந்தேன்.